நெல்லைப் பக்கம் காசு கட்டி ஷேர் டிப்ஸ் வாங்குறவங்க கவனத்துக்கு: ரூ.1,53,000 போச்சு

இன்னைக்குக் காலையில மார்க்கெட் திறந்ததும் 5,000 பங்கையும் வித்துத் தொலைச்சேன். 48 ரூபாய்க்கு வாங்கினது, 21 ரூபாய்க்குப் போச்சு. அதுல 1,35,000. டிப்ஸுக்குக் கட்டின சந்தா 18,000. ஆக ரூ.1,53,000. கை நடுங்கிட்டே டைப் பண்ணுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

இந்தப் பங்கை வாங்கச் சொன்னது செல்போன் மெசேஜ் ஆப்ல ஓடுற ஒரு டிப்ஸ் சேனல். பேர் போடல, வக்கீல் நோட்டீஸ் விடுவேன்னு சேனல்காரன் மிரட்டிட்டான். போட்டும் பிரயோஜனமில்ல, நாளைக்கே வேற பேர்ல வருவான்.

பெரிய கம்பெனிப் பங்குகளோட குறியீடான நிஃப்டி 2024 செப்டம்பர் கடைசியில 26,277 வரை ஏறினது, 2025 மார்ச்சுல 22,000 பக்கம் இறங்கிருச்சு. ஸ்மால்கேப்னு சொல்லுற சின்னக் கம்பெனிப் பங்கெல்லாம் அதைவிட மோசம். ஜனவரிக் கடைசியிலயே என் கணக்கு முழுக்கச் சிவப்பு, எல்லாம் நஷ்டம். விலை இறங்கின நேரத்துல ஒரு பெரிய பேங்க் பங்கும் ஒரு மருந்துக் கம்பெனியும் வாங்கலாம்னு குறிச்சு வச்சிருந்தேன். அப்பதான் அந்தச் சேனல்காரன்கிட்ட இருந்து போன்.

"அண்ணாச்சி, நமக்கு அம்பாசமுத்திரம்லா. நீங்க பாளையங்கோட்டையா? உங்க பக்கம் பிசானம் நெல் அறுப்பு ஆரம்பிச்சிட்டாவளா?"

பிசானம் அறுப்பு பத்தி விசாரிக்குறவனை யாரு சந்தேகப்படுவா? பத்து நிமிஷம் ஊர்க்கதை, அதுக்கப்புறம்தான் பங்கு. "பெரிய பங்கெல்லாம் வெளிநாட்டுக்காரன் விக்குதான் அண்ணாச்சி, இன்னும் விழும். நான் சொல்லுதது சின்னக் கம்பெனி, அதுல அவன் இல்ல. நம்மூர்க்காரருக்குத் தப்பாச் சொல்லுவனா?" வெளிநாட்டுக்காரங்க 2024 அக்டோபர்ல இருந்து வித்துத் தள்ளுனது உண்மைதானே, பேப்பர்லயே வந்துச்சு. பாதி உண்மையை வச்சுத்தான் மீதிப் பொய்யை வித்தான். பங்குச் சந்தையைக் கண்காணிக்குற செபியோட பதிவு எண் கேட்டதுக்கு சர்டிபிகேட் போட்டோவே அனுப்பினான். அந்த எண் நிஜம்தான், ஆனா அது வேற மாநிலத்துல இருக்குற வேற யாரோடதோன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

அவனை நம்பிச் சந்தா கட்டி, அவன் சொன்ன சின்னக் கம்பெனிப் பங்கை வாங்கினேன். வாங்கின மறுநாள் கொஞ்சம் ஏறுச்சு. அதுக்கப்புறம் தினமும் 5 சதவீதம் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்கலாமோ அந்த எல்லை வரைக்கும் இறங்கி நின்னுரும். மார்க்கெட் திறக்குமுன்னே ஆர்டர் போட்டு வச்சாலும் விற்காது. திரையைப் பாத்தா விக்குறவங்க பக்கம் லட்சக்கணக்குல பங்கு, வாங்குறவங்க பக்கம் பூஜ்யம். வெளிநாட்டுக்காரன் இல்லாத பங்குல நம்மகிட்ட வாங்கவும் ஆள் கிடையாது, இதை அவன் சொல்லல. முன்னாடியே குறைஞ்ச விலைக்கு வாங்கி வச்சிருந்தவங்க எங்க தலையில கட்டிட்டு வெளியேறிட்டாங்கன்னுதான் எனக்குப் படுது. சும்மாவா அந்த ஒரு நாள் ஏறுச்சு?

போன் போட்டா, "பயப்படாதிய அண்ணாச்சி, பயமுறுத்திப் பங்கைப் பிடுங்கப் பாக்குதானுவ." அடுத்த தடவை, "இறங்கின விலைக்கு இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணுங்க, சராசரி விலை குறையும்." அண்ணாச்சி அதுக்குள்ள 'சார்' ஆயிட்டேன். "மார்க்கெட்டே விழுந்தா நான் என்ன சார் செய்ய முடியும்? ரிஸ்க் இருக்குன்னு மெசேஜ்ல போட்டிருக்கோம்ல?" பிறகு ஒரு பொண்ணு எடுத்து, "உங்க கம்ப்ளைன்ட் மேலிடத்துக்குப் போயிருக்கு"ன்னா. எந்த மேலிடம்னு கேட்டதும் கட். சேனல்ல கேள்வி போட்டேன், என்னையே தூக்கிட்டாங்க. எனக்கு முன்னாடி கேட்டவங்க மெசேஜ் எல்லாம் எங்க போச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது.

1,53,000 ரூபாய். மகளோட காலேஜ் ஃபீஸுக்கு ஒதுக்கி வச்சதுல இருந்து எடுத்தது.

வேற யாரும் மாட்டாம இருக்க விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப மனசு ஓடல. செபி தளத்துல எண்ணை மட்டும் பாக்காதீங்க. அதுல இருக்குற பேர், போன், முகவரி எல்லாம் ஒத்துப்போகுதான்னு பாத்து, அந்த நம்பருக்கே போன் போட்டுக் கேளுங்க. சந்தாவைத் தனி ஆளோட யூபிஐக்கு அனுப்பச் சொன்னா அங்கயே நிறுத்திருங்க, எனக்கு அப்படித்தான் நடந்துச்சு. லாபம் உறுதின்னு சொல்ல பதிவு உள்ளவங்களுக்கே அனுமதி கிடையாது. சின்னப் பங்குன்னா தினமும் எவ்வளவு கைமாறுதுன்னு பாக்காம தொடாதீங்க. பணம் போனா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க.

அப்புறம் ஒண்ணு. நேத்து வேற ஒருத்தன் போன் பண்ணி, 15,000 கட்டினா போன பணத்தை மீட்டுத் தாரேன்னான். என் நம்பர், நான் வாங்கின பங்கு, தொகை எல்லாம் அவனுக்குத் தெரியுது. உங்களுக்கும் போன் வரும், எடுக்காதீங்க.