ராக் பேண்ட் டீ-ஷர்ட்ல 5,400 ரூபாய் போச்சு, பொண்ணுங்க கவனிங்க

"உங்கள் புகார் முடிக்கப்பட்டது"ன்னு இப்பதான் மெயில் வந்துச்சு. என்னத்த முடிச்சாங்க? என் 5,400 ரூபாய் எங்க? கோவம் அடங்கல, ஆனா இன்னொருத்தி இதுல மாட்டக் கூடாதுன்னு எழுதறேன்.

நானும் தங்கச்சியும் ரெண்டு தோழிகளும் மெட்டாலிகா டீ-ஷர்ட் எடுக்கலாம்னு முடிவு பண்ணோம். ராக் பேண்ட் சட்டைகள் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. ஒண்ணு 1,350, நாலுக்கு 5,400. பணம் போடறதுக்கு முன்னாடியே சாட்ல கேட்டேன்: என் மார்பளவு 40 இன்ச், லேடீஸ் கட்ல எது சேரும்? ராத்திரி நேரம், உடனே பதில். "எக்ஸ்எல் போடுங்க சிஸ்டர், கொஞ்சம் லூஸாவே இருக்கும். சேரலன்னா மாத்தித் தர்றோம், கவலையே படாதீங்க." அளவு கேட்டு இவ்ளோ பொறுமையா பதில் சொல்ற கடையை யாரு சந்தேகப்படுவா? அந்த வார்த்தையை நம்பித்தான் நாலு பேர் காசையும் மொத்தமா ஜிபேல அனுப்பினேன்.

வந்த எக்ஸ்எல் மார்புக்குக் கீழ இறங்கவே இல்ல. விரிச்சுப் போட்டு அக்குளுக்கு அக்குள் டேப் வச்சேன், 18 இன்ச். சுத்தளவு 36! பல கம்பெனிங்கள்ல யூனிசெக்ஸ் (ஆம்பளை, பொம்பளை ரெண்டு பேருக்கும் பொதுவானது) ஸ்மாலே அந்த அளவுதான், மீடியம் அக்குளுக்கு அக்குள் 20 இன்ச் வரும். இவங்க ஸ்மாலுக்கு இடுப்புல வளைவு வெட்டி, கையைக் குட்டையாக்கி, எக்ஸ்எல் லேபிள் ஒட்டியிருக்காங்க. ஒரு தோழிக்கும் இதே கதைதான்.

தங்கச்சி ஒல்லி. அவளுக்கு லேடீஸ் ஸ்மால் உடம்புல சேர்ந்துச்சு, ஆனா கையைத் தூக்கினா வயிறு தெரியுது. எல்லா சைஸுக்கும் ஒரே அளவு அச்சுல பிரிண்ட் அடிச்சிருக்காங்க போல, லோகோவோட ரெண்டு ஓர எழுத்தும் அக்குளுக்குள்ள போயிடுச்சு. இன்னொரு தோழி எடுத்தது யூனிசெக்ஸ் லார்ஜ். பேருதான் யூனிசெக்ஸ், வெட்டு ஆம்பளை உடம்புக்கு. மார்புல இருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோடு. அவளுக்குத் தோள் தையல் மேல்கையில தொங்குது, இடுப்புல மட்டும் இறுக்கிப் பிடிக்குது.

மாத்தித் தரச் சொன்னதும் பேச்சே மாறிடுச்சு. முதல்ல "சைஸ் சார்ட் பாத்தீங்களா சிஸ்டர்". பாத்தேன், எக்ஸ்எல் 42ன்னு போட்டிருக்கு, டேப் வச்ச போட்டோவும் அனுப்பினேன். அப்புறம் "பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா". அப்புறம் "டேமேஜ் இருந்தா மட்டும்தான் ரிட்டர்ன்". கடைசியில ப்ளூ டிக் மட்டும். "மாத்தித் தர்றோம்"னு அவங்களே எழுதின ஸ்கிரீன்ஷாட்டுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு பதில் இல்ல. 5,400 ரூபாய்ங்க, சும்மா வந்த காசா?

சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. 2020 இ-காமர்ஸ் விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கிறவங்க சொல்ல முடியாது. புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புதல் தரணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகார் பதிஞ்சேன், அதைத்தான் இப்ப முடிச்சாச்சுன்னு மெயில் வந்திருக்கு.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. இதை மட்டும் பண்ணுங்க. எஸ், எம், எல் எழுத்தை நம்பாதீங்க. சட்டையை விரிச்சு டேப் வச்ச போட்டோ கேளுங்க, வீட்ல உங்களுக்குச் சரியா இருக்கற சட்டையை அளந்து அதோட ஒப்பிடுங்க. சார்ட்ல இருக்கறது உடம்பளவா துணியளவான்னு கேளுங்க. இடுப்பு அகலம்னா யூனிசெக்ஸ்ல கீழ் விளிம்பு அளவும் வேணும். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்டா வேற கடை பாருங்க.