பழைய நெட்புக்குக்குக் கறுப்புத் திரை போதும்: டெபியனா, அல்பைனா, டைனி கோரா, ஃப்ரீடாஸா?

மலேசியாவின் பினாங்கில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால் பழைய கைக்கடிகாரமும் பித்தளைக் குத்துவிளக்கும் யாரோ கழித்துக்கட்டிய தொலைபேசியும் ஒரே தார்ப்பாயில் கிடக்கும். அப்படி ஒரு தார்ப்பாயிலிருந்து 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) நெட்புக் என்னும் சிறு மடிக்கணினி ஒன்றைத் தூக்கி வந்தேன். 10 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி நினைவகம். மின்கலம் உப்பாமல் இருந்ததே பெரிது. உள்ளே இருந்த விண்டோஸ் எக்ஸ்பி விழித்து எழுவதற்குள் கீழே இறங்கி ரொட்டி சானாய் பசியாறிவிட்டு வந்துவிடலாம்.

அதற்கு நான் வைத்திருந்த வேலைகள் இரண்டு. பகலில் கவனம் சிதறாமல் தட்டச்சு செய்ய ஒரு விசைப்பலகை வேண்டும். மற்ற நேரமெல்லாம் மூலையில் கிடந்து வீட்டுக் கோப்புகளைக் காக்க வேண்டும். இரண்டுக்கும் சன்னல்களும் படங்களும் தேவையில்லை. எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரை போதும். டெபியன், அல்பைன், டைனி கோர் என்ற மூன்று லினக்ஸ்கள், பழைய டாஸைப் போன்ற ஃப்ரீடாஸ் என நான்கு இயங்குதளங்களை ஒன்றை அழித்து ஒன்றாக அதே கணினியில் ஏற்றிப் பார்த்தேன்.

"எது மிகச் சிறியது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வரைகலையை எடுத்துவிட்டால் நான்குமே 1 ஜிபிக்குள் காலை நீட்டிப் படுத்துவிடும். நான் ஒப்பிட்டது வேறு மூன்று விஷயங்களை. இதிலுள்ள பழைய 32 பிட் வகைச் செயலிக்கு இன்னும் எத்தனை நாள் சோறு போடுவார்கள்? மின்சாரம் போனால் எழுதியது என்ன ஆகும்? நடு இரவில் சிக்கிக்கொண்டால் உதவிக் குறிப்பு கையில் இருக்குமா?

டெபியனிலிருந்து தொடங்குகிறேன். 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு ஆவணமும் பழக்கமும் மலைபோல் குவிந்திருக்கின்றன. நிறுவும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் மேசைத்தளம் (சன்னல்களும் படங்களும் உள்ள வரைகலைத் திரை), அதில் ஒரு வகையான க்னோம் ஆகியவற்றின் எதிரே ஏற்கெனவே நட்சத்திரக் குறி இருக்கும். அம்புக்குறி விசையால் அங்கே போய் இடைவெளி விசையைத் தட்டி அந்தக் குறிகளை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு என்டரைத் தட்டினால் பட்டியல் மூடிக்கொண்டு மேசைத்தளம் முழுவதும் இறங்கத் தொடங்கிவிடும். முதல்முறை நான் தட்டியது என்டரைத்தான். வேறொரு கருவியிலிருந்து வலை வழியாக உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகம், அடிப்படைக் கருவிகள் இரண்டையும் மட்டும் விட்டுவைத்தால் நமக்குத் தேவையான கறுப்புத் திரை வந்துவிடும்.

நிறுவும்போது இன்னொரு சிறு வேடிக்கை. ஆங்கிலத்தையும் மலேசியாவையும் தேர்ந்தெடுத்தால், மொழி, தேதி முறை போன்றவற்றைச் சொல்லும் வட்டார அமைப்பு அந்தச் சேர்க்கைக்கு இல்லை என்று சொல்லி வேறொன்றைக் கேட்கும். சிங்கப்பூர் ஆங்கிலத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். தமிழுக்கு இந்தியா, இலங்கை என்ற இரண்டே அமைப்புகள். நம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டெபியனின் குறை காலத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியையும் இயங்குதளத்தின் கருவான கர்னலையும் கைவிட்டுவிட்டது. என்270 முழுக்க 32 பிட். ஆகவே 2023இல் வந்த 12ஆம் பதிப்போடு நின்றுகொள்ள வேண்டும். அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதே 12ஆம் பதிப்பு ஒரு நல்லதையும் செய்தது: வைஃபை அட்டைகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலை நிறுவியோடு சேர்த்தே கொடுத்தது. முன்பு அதை வேறொரு கணினியில் தேடி இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டியிருந்தது.

அல்பைன் வேறு குணம். செட்டப்-அல்பைன் என்று ஒரு கட்டளை. விசைப்பலகை, கணினியின் பெயர், வலை, கடவுச்சொல், நேர வலயம், வட்டு என்று அடுக்கிக் கேட்கும். ஆசியா, கோலாலம்பூர் என்று பதில் தட்டிக்கொண்டே போனால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். 32 பிட் பதிப்பு இன்னும் வெளிவருகிறது. ஆண்டுக்கு இரண்டு வெளியீடுகள், ஒவ்வொன்றின் மையத் தொகுப்புகளுக்கும் ஏறத்தாழ 2 ஆண்டு ஆதரவு. அதாவது அவ்வப்போது மேம்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். டெபியனைப்போல ஏற்றிவிட்டு மறந்துவிட முடியாது.

சிறிதாக இருப்பதற்கு அல்பைன் ஒரு விலை வாங்குகிறது. வழக்கமான கட்டளைகளுக்குப் பதில் பிஸிபாக்ஸ் என்ற ஒற்றை நிரல் எல்லா வேடமும் போடுகிறது. வேடம் அதேதான், ஆனால் வசனம் குறைவு: டெபியனில் கட்டளையோடு சேர்த்துப் பழகிய சில விருப்பக் குறிகளைக் கொடுத்தால் தெரியாது என்று திருப்பி அனுப்பும். நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமும் வழக்கமான க்லிப்சி அல்ல, மஸல் என்பதால், பிறர் தயாராகக் கட்டிக்கொடுத்த நிரல்கள் பல ஓடாது. என்னை நிஜமாகவே எரிச்சல்படுத்தியது வேறு. உதவிப் பக்கங்கள் தொகுப்போடு வருவதில்லை. அவற்றைத் தனியாக ஏற்ற வேண்டும். வலை இணைப்பு சரியில்லாதபோதுதானே வலையைச் சரிசெய்யும் குறிப்பு தேவைப்படும்? முதல் நாளே கேபிளைச் செருகி உதவிப் பக்கங்களை இறக்கிக்கொள்ளுங்கள்.

டைனி கோர் ஒரு வித்தைக்காரன். எழுத்து மட்டும் உள்ள கோர் பதிப்பு சுமார் 17 எம்பி. தொலைபேசியில் எடுத்த சில படங்களின் அளவு. முழுவதும் நினைவகத்திலேயே ஓடுவதால் வன்தட்டின் முனகலே கேட்காது. ஆனால் நினைவகத்தில் இருப்பது மின்சாரத்தோடு போய்விடும். வீட்டுக் கோப்புறையை வட்டில் காக்க ஃபைல்டூல் என்ற கட்டளையை நாமே தட்ட வேண்டும். ஒரு மாலை தண்ணீர்மலை தைப்பூசக் கூட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பழக்கத்தில் கணினியை அணைத்துவிட்டேன். மறுநாள் கோப்புறை துடைத்து வைத்த பலகைபோல் இருந்தது. அதன் ஆவணம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, படிக்காதவன் நான். கோர் பதிப்பில் வைஃபையும் இல்லை, கேபிள்தான். வெறுமனே செத்த கணினியை எழுப்பிப் பார்க்க, வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்க இது அருமை. தினமும் எழுத நான் இதை நம்பமாட்டேன்.

ஃப்ரீடாஸை வேடிக்கைக்குத்தான் ஏற்றினேன். மைக்ரோசாஃப்ட் தன் பழைய கட்டளை வரி இயங்குதளமான டாஸைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் 1994இல் தொடங்கிய திட்டம் அது, 1.4 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது. விசையை அழுத்திய சில நொடிகளில் கட்டளை வரி தயார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, வைஃபை இல்லை, பயனர் கணக்கு இல்லை. லெபோ பசாரில் மசாலாக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் இதைக் காட்டினேன். 1990களில் வாங்கிய சரக்குக் கணக்கு நிரலை இன்னும் ஒரு கிழட்டுக் கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். "தம்பி, எனக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம், இதிலேயே அது ஓடுமா?" என்றார். ஓடியது. அவருக்கு மற்ற மூன்றும் தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். டாஸ் சும்மா இருக்கும்போதும் செயலியை ஓயாமல் சுழலவிடும்; பினாங்கு வெக்கையில் விசிறி அலறுகிறது. எஃப்டிஏபிஎம் என்ற சிறு நிரலைத் தொடக்கக் கோப்பில் சேர்த்தால் செயலி ஓய்வெடுக்கும். பெரியவர் கணினியில் அதைப் போட்டுக்கொடுத்தேன்.

லினக்ஸ் அல்லாத நெட்பிஎஸ்டியையும் சேர்க்கலாமே என்பார்கள். நல்ல தளம், 32 பிட்டையும் கைவிடவில்லை. லினக்ஸில் புழங்கிய எனக்கு அதைக் கற்கப் பொறுமை இல்லை.

இனி தமிழ். மூன்று லினக்ஸ்களும் இங்கே ஒரே இடத்தில் இடறுகின்றன. கர்னலின் சொந்த எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களே ஏற்றலாம். ஒவ்வொன்றும் ஒரே அகலமுள்ள கட்டத்துக்குள் அடங்க வேண்டும். 'ர' அடங்கும், 'ணௌ' எப்படி அடங்கும்? சரி, நெருக்கி அடைத்தாலும் அடுத்த சிக்கல் வரிசை. 'கொ' என்பது யூனிகோடில் முதலில் 'க', பிறகு உயிர்க்குறி என்று சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னே வந்து, துணைக்கால் பின்னே போய், நடுவே 'க' நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் பொறி கறுப்புத் திரையில் இல்லை. டெபியன் நிறுவியின் வரைகலைப் பதிப்பில் தமிழ் இருந்தும் எழுத்துப் பதிப்பின் மொழிப் பட்டியலில் வராததற்குக் காரணம் இதுதான். ஃப்ரீடாஸுக்கு யூனிகோடே தெரியாது என்பதால் அது இந்தப் போட்டியிலேயே இல்லை.

ஆக, பகலில் அந்த விசைப்பலகையில் எழுதலாம் என்ற என் முதல் ஆசை மலாய், ஆங்கிலக் குறிப்புகளோடு நின்றுவிட்டது. தமிழ்க் கோப்பை அங்கே திறந்தால் வரி முழுக்க வைரக் குறிகள். கோப்பு கெடவில்லை, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைபேசியிலிருந்து அதே கோப்பைத் திறந்தால் தமிழ் தெரிகிறது. சில எழுத்துகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, படிக்க முடிகிறது.

எழுதும் வேலை போனபின் மிச்சம் காவல் வேலை. அதற்கு மேல்மூடியை மூடிவைக்க வேண்டும். டெபியனில் மூடினால் கணினி தூங்கிவிடும். மூடியைக் கவனிக்கும் லாகின்டி என்ற சேவையின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால்தான் விழித்திருக்கும். அல்பைனில் மூடியதை அது கண்டுகொள்ளவே இல்லை. 2028ஐ எண்ணிப் பார்த்தும், இந்தச் சோம்பேறித்தனத்துக்காகவும் அல்பைனையே வைத்துக்கொண்டேன். முதன்முறையாகக் கறுப்புத் திரையைத் தொடுகிறவர் கேட்டால், உதவிப் பக்கங்களுக்காகவே டெபியன் 12ஐத்தான் கொடுப்பேன். நெட்புக் இப்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கிறது. தைப்பூசக் கட்டுரையைத் திரும்ப எழுதி அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.