சொம்பியான வில்லேஜர்களைக் குணமாக்குதல்: நாலு வருட மைன்கிராஃப்ட் அனுபவம்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் எங்கள் உலகத்துக்கு வயது நாலு. 2021 ஓகஸ்டில், கொரோனாவால் நாடு மூடிக்கிடந்தபோது, கோண்டாவில் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு நானும் மருமகனும் தொடங்கியது. அண்ணாவின் மகன், பக்கத்து வளவு. அவனுக்கு அப்போது எட்டு வயது. ஜாவா பதிப்பு, இரண்டு பழைய லப்டொப், நடுவில் வீட்டு ரவுட்டர், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் டிராகனைக் கொன்றோம், நெதர் என்ற நெருப்பு உலகத்தில் பாதை போட்டோம், மலையைக் குடைந்து வீடு கட்டினோம். ஆனால் எனக்கு அலுக்காத வேலை ஒன்றுதான்: சொம்பியாகிப்போன, அதாவது நடைபிணமாகிப்போன, வில்லேஜரைப் பிடித்துக்கொண்டு வந்து திரும்ப மனிதனாக்குவது. இதுவரை 31 பேரைக் குணமாக்கியிருக்கிறோம். கணக்கு மருமகனின் கொப்பியில் இருக்கிறது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வில்லேஜர் என்பவர் கிராமங்களில் இருக்கும் பெரிய மூக்குக்காரர். அங்கே காசுபோலப் புழங்கும் எமரால்ட் கல்லைக் கொடுத்தால் பொருள் தருவார், பொருள் கொடுத்தால் எமரால்ட் தருவார். இரவில் சொம்பி வந்து அவரைக் கொன்றால் அவரும் சொம்பியாகலாம். தோல் பச்சையாகிவிடும், ஆனால் அந்த மூக்கும் உடுப்பும் அப்படியே இருக்கும். சில பேர் பிறவியிலேயே அப்படித்தான் தோன்றுவார்கள். இருட்டில் வரும் சொம்பிகளில் நூற்றுக்கு ஐந்து இந்த வகை. இவர்களைக் குணமாக்கும் வழி 2012 இலேயே விளையாட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் பலவீன மருந்துப் போத்தலை அவர் மேல் எறியவேண்டும். அந்த மருந்தின் வேகம் ஒன்றரை நிமிடம் நிற்கும். அதற்குள் கிட்டப் போய் தங்க அப்பிளைக் கொடுக்கவேண்டும். ஒரு சத்தம் கேட்கும், ஆள் நடுங்கத் தொடங்குவார். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் மனிதனாகிவிடுவார்.

சொல்லும்போது சுகம். பொருள் சேர்ப்பதுதான் பாடு. தங்க அப்பிளுக்கு எட்டுத் தங்கக் கட்டியும் ஒரு அப்பிளும் வேண்டும். தங்கம் எப்படியோ கிடைத்துவிடும், எங்களுக்கு எப்போதும் தட்டுப்பட்டது அப்பிள். ஓக் மரத்தையும் இருண்ட ஓக் மரத்தையும் வெட்டி இலை உதிரும்போதுதான் விழும், அதுவும் அத்திபூத்தாற்போல. மருந்துக்கு சிலந்திக் கண், சீனி, மண்ணிறக் காளான் மூன்றையும் சேர்த்துப் புளிக்கவைத்த கண் செய்து, தண்ணீர்ப் போத்தலோடு காய்ச்சி, பிறகு வெடிமருந்து சேர்க்கவேண்டும். அதைக் காய்ச்சும் அடுப்பு எரிய பிளேஸ் என்ற நெருப்பு மிருகத்திடமிருந்து எடுக்கும் தூள் வேண்டும், அதற்கு நெதர்க் கோட்டைக்குப் போகவேண்டும். ஆகவே தொடங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்ய நினைக்காதீர்கள். ஒருமுறை காய்ச்சினால் மூன்று போத்தல் வரும் என்பது ஆறுதல். பனிப்பிரதேசத்து இக்ளு வீடுகளில் பாதியின் அடியில் ஒரு நிலவறை இருக்கும்; அதற்குள் ஒரு சொம்பி வில்லேஜர், ஒரு நல்ல வில்லேஜர், மருந்து, தங்க அப்பிள் எல்லாம் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். நாங்கள் மூன்றாம் வருடத்தில்தான் ஒன்றைக் கண்டோம்.

எங்கள் முதல் ஆள் எரிந்து போனார். ஒரு இரவு வயலுக்குள் பிடித்து, மருந்து எறிந்து, அப்பிளும் கொடுத்தாயிற்று. இரண்டு பேரும் கிட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், விடிந்துவிட்டது. "மாமி, ஓடி வாங்கோ, வெயிலுக்கை நிண்டு எரியுது!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வாளி தேடுவதற்குள் முடிந்துவிட்டது. நடுக்கம் தொடங்கிவிட்டால் வெயில் ஒன்றும் செய்யாது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, முழுதாக மனிதனாகும்வரை அவர் சொம்பிதான், வெயில் பட்டால் எரிவார். அன்று பின்னேரம் முழுக்க மருமகன் என்னோடு கதைக்கவில்லை. நானும் பேசாமல் போய்க் கூரை போட்ட ஒரு கிடங்கு வெட்டினேன்.

இரண்டாவது ஆளைக் கொன்றது இரும்புக் கோலெம். கிராமத்துக்குப் பக்கத்திலேயே கிடங்கு இருந்தால் வசதி என்று நினைத்தோம். கிராமத்தைக் காக்கிற கோலெமுக்கு யார் குணமாகிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாதே. சொம்பி என்றால் அடிக்கும். இரண்டே அடி. ஆகவே இடம் முக்கியம்: கோலெம் வராத தூரம், மேலே கூரை, நாலு பக்கமும் சுவர், நாங்கள் கை நீட்ட ஒரு கட்டை அளவு திறப்பு. ஆளை அங்கே கொண்டுபோக வள்ளம் நல்லது. தரையிலே வள்ளத்தை வைத்து அவரை அதற்குள் ஏறவைத்தால் இழுத்துக்கொண்டு போகலாம்.

மூன்றாவது ஆள்தான் பிழைத்தார். அது 2022 மார்ச் கடைசி. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலம். லப்டொப் பற்றரியில் 11 வீதம் இருந்தபோது அப்பிளைக் கொடுத்தேன். குணமாக முன்னர் மெஷின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இடையிலேயே சேமித்து மூடிவிட்டேன். மருமகன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். விடியற்காலை கரண்ட் வந்ததும் எழும்பித் திறந்து பார்த்தால், விட்ட இடத்திலிருந்தே நடுங்கிக்கொண்டிருக்கிறார். நேரக் கணக்கை விளையாட்டு சேமித்து வைத்திருக்கிறது. அடுத்த ஒரு நிமிடத்துக்குள் பச்சை போய் மனித நிறம் வந்தது. நான் மதிலுக்கு மேலாலே எட்டி அவனைக் கூப்பிட்டேன். பல் தீட்டிக்கொண்டிருந்தவன் பிரஷோடு ஓடி வந்தான்.

அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தோம். குணமானவருக்கு முன்னர் யாரோடும் வியாபாரம் செய்த பழக்கம் இல்லாவிட்டால் பழைய தொழிலை விட்டுவிட்டு, பக்கத்தில் எந்த வேலை மேசை இருக்கிறதோ அந்தத் தொழிலைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் புத்தகம் வைக்கும் மேசையை வைத்தோம், நூலகராகிவிட்டார். விரும்பிய புத்தகம் வரும்வரை மேசையை உடைத்து உடைத்து வைத்ததில், 22 எமரால்டுக்கு மெண்டிங் புத்தகம் விற்க முன்வந்தார். மெண்டிங் இருந்தால் ஆயுதம் தேய்ந்து போகாது, அனுபவப் புள்ளியால் தானே திருந்தும். அந்தப் புத்தகம் எங்களுக்கு ஒரே எமரால்டுக்குக் கிடைத்தது. குணமாக்கியவருக்கு அவர் காட்டும் நன்றி அது. அந்த நன்றியில் ஒரு சிறு பங்கு நாளாகக் கரையும். விளையாட்டில் 25 நாள் கழிந்தபோது விலை 2 எமரால்டில் வந்து நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. பெரிய பங்கு கரைவதே இல்லை. நாலு வருடத்தில் நான் சரிபார்த்த விஷயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வாத்தியாருக்காக மருமகன் குவாட்ஸ் கல்லில் வெள்ளை வெளேரென்று குவிமாடத்தோடு ஒரு நூலகம் கட்டினான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நூலகம் என்றால் அந்த உருவம்தான் மனதில் வரும். முன்னால் சரஸ்வதிக்கும் இடம் விட்டிருக்கிறான்.

எல்லாச் சரக்கிலும் இதே அளவு விலை இறங்காது என்பதையும் சொல்லவேண்டும். புத்தகத்தில் 25 எமரால்ட் வரை குறையும். சாதாரண சரக்கில் ஆறுதான். விவசாயி 26 உருளைக்கிழங்குக்கு ஒரு எமரால்ட் தருவார். ஒருமுறை குணமாக்கினால் அது 20 ஆகும். பூசணிக்காய் ஆறு கேட்பவர் ஒன்றோடு திருப்திப்படுவார், ஆகவே விவசாயி என்றால் பூசணி நடுங்கள். அண்ணா உரும்பிராயில் கிழங்கு போடுகிறவர். ஒருநாள் பின்னாலே நின்று இந்த விலையைப் பார்த்துவிட்டு, "டேய், எனக்கும் அங்கை ரெண்டு பரப்பு காணி எடுத்துத் தாடா" என்று மகனிடம் கேட்டார். இவன் உண்மையாகவே செம்மணல் பரப்பி, மூங்கில் பலகையால் கிடுகு வேலிபோல அடைத்து, அவருக்கு ஒரு தோட்டம் செய்து வைத்திருக்கிறான்.

இனி, எனக்கு மனம் ஒப்பாத ஒன்று. 2023 செப்டெம்பர் வரைக்கும் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பச் சொம்பியாக்கி, திரும்பத் திரும்பக் குணமாக்கினால் விலை ஒவ்வொரு முறையும் இன்னும் இறங்கும். ஐந்து முறை செய்தால் 32 தடி கேட்கும் அம்பு செய்பவர் ஒரே தடிக்கு எமரால்ட் தருவார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மருமகனும் ஒரு சொம்பியைக் கூண்டில் அடைத்து, பக்கத்தில் வில்லேஜரைத் தள்ளும் பொறி ஒன்று செய்தான். கெட்டித்தனமான வேலைதான். அம்பு செய்பவரை மூன்று முறை அதற்குள் விட்டோம். மூன்றாம் முறை அவர் கத்தும் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. எரிந்துபோன ஒருவருக்காகப் பின்னேரம் முழுக்கக் கதைக்காமல் இருந்த பிள்ளை, இப்போது தடிக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் குறை சொல்லவில்லை, விளையாட்டு அப்படிச் செய்தால் பரிசு தந்தது. "தம்பி, இவரை விடுவம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொறியை அவனே உடைத்தான்.

அந்தச் செப்டெம்பரில் வந்த 1.20.2 பதிப்பில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். இப்போது முதல் முறைக்கு மட்டும்தான் விலை குறையும், மறுபடி கடிக்கவிட்டுக் குணமாக்கினால் அதற்கு மேல் இறங்காது. பலருக்கு இது நட்டம் என்று தெரியும். நான் முழு மனதோடு வரவேற்கிறேன். இப்போது குணமாக்குவது குணமாக்குவதற்காகவே. ஒரு ஆளுக்கு ஒருமுறை, அதற்குரிய நன்றி, அப்புறம் அவர் தன் பாட்டில் வேலை பார்க்கட்டும். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் எங்கள் கிராமம் பெருத்தது. இருக்கிற ஆளையே வதைப்பதை விட்டுவிட்டுப் புது ஆட்களைத் தேடிப் போனோம்.

கட்டிலும் இரும்புக் கம்பியும் பக்கத்தில் வைத்தால் வேகமாகக் குணமாகும் என்பது உண்மைதான், ஆனால் மிஞ்சுவது சில செக்கன்கள். போனில் நேரம் பிடித்துப் பார்த்தோம். அதற்காக இரும்பைச் செலவழிக்கவேண்டாம். மந்திரம் ஏற்றிய தங்க அப்பிள் இதற்கு உதவாது, சாதாரண தங்க அப்பிள்தான் வேண்டும். பிடித்த ஆளைக் கிடங்கில் விட்டுவிட்டு அப்பிள் தேடி வெகுதூரம் போகவேண்டியிருந்தால் பெயர்ப்பட்டி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது மறைந்திருப்பார். மீன் பிடிக்கும்போது எங்களுக்கு நாலைந்து பெயர்ப்பட்டி கிடைத்தது. தவறியும் வில்லேஜரை அடிக்காதீர்கள், அன்றே விலை ஏறும். பச்சைச் சட்டைக்காரர் எந்தத் தொழிலையும் ஏற்கமாட்டார் என்றாலும் அவரையும் குணமாக்குங்கள், பிள்ளை பெற்றுக் குடும்பமாக இருப்பார்.

விளையாட்டுக்கு நாங்கள் தெரிவுசெய்யும் ஈசி, நோர்மல், ஹார்ட் என்ற கடின அளவைப் பற்றி ஒன்று. நோர்மலில் சொம்பி கொன்றால் வில்லேஜர் மாறுவதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, மற்றப் பாதி செத்துப்போவார். ஈசியில் செத்தால் செத்ததுதான். ஹார்டில் எல்லோரும் மாறுவார்கள், ஒருவரும் ஒரேயடியாகப் போகமாட்டார்கள். நூலகக் கதவைச் சாத்தாமல் விட்ட ஒரு இரவு ஐந்து பேரில் மூன்று பேரை இழந்த பிறகு நாங்கள் ஹார்டுக்கு மாறிவிட்டோம். அன்று மாறிய இருவரில் வாத்தியாரும் ஒருவர். திரும்பக் குணமாக்கியபோது அதே மெண்டிங் புத்தகத்தோடு வந்தார். சொம்பியாக இருந்த நேரத்திலும் தொழிலை மறக்கவில்லை.

இந்த வருடம் நாங்கள் சதுப்பு நிலத்து ஆட்களைத் தேடுகிறோம். சதுப்பு நிலத்திலும் ஜங்கிள் எனும் மழைக்காட்டிலும் கிராமமே உருவாகாது, ஆனால் அங்கே இருட்டில் வரும் சொம்பி வில்லேஜர் அந்த இடத்து உடுப்போடு வருவார், குணமானாலும் அதே உடுப்போடு இருப்பார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலும் வீடுமாக அலைந்ததில் விளையாட நேரம் கிடைக்கவில்லை. தேர் முடிந்த கிழமைதான் ஒருவரைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டு வந்தோம். இப்போது கிடங்கில், பெயர்ப்பட்டியோடு நிற்கிறார். மருந்து இரண்டு போத்தல் கைவசம் இருக்கிறது. மருமகனுக்குத் தவணைப் பரீட்சை முடிய இன்னும் நாலு நாள். அவன் இல்லாமல் அப்பிளைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், அதனால் தினமும் இரவில் போய்க் கூரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.