முட்டைத் தக்காளி டோஸ்ட்: நனைப்பதா, ஒட்டுவதா, மேலே வைப்பதா?

பிரெட், முட்டை, தக்காளி மூன்றும் வீட்டில் இருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு மூன்று வழிகள் உண்டு. முட்டையை அடித்து, பொடியாக நறுக்கிய தக்காளியையும் வெங்காயத்தையும் அதில் கலந்து, பிரெட்டை முக்கியெடுத்துச் சுடுவது ஒன்று. தோசைக்கல்லில் ஆம்லெட் ஊற்றி, மேல்பக்கம் ஈரமாக இருக்கும்போதே பிரெட்டை வைத்து அழுத்தித் திருப்புவது இரண்டாவது. தள்ளுவண்டிக் கடைகளின் பிரெட் ஆம்லெட். தக்காளியைத் தனியே தொக்காகச் சுண்டவைத்துக்கொண்டு, மொறுமொறுவென்று சுட்ட பிரெட்டின் மேல் தொக்கையும் முட்டைப் பொடிமாஸையும் வைப்பது மூன்றாவது. எங்கள் வீட்டில் மூன்றாவதுதான் நிலைத்திருக்கிறது. ஆகவே நடுநிலையான தீர்ப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

சுவையைப் பற்றிச் சண்டை போட ஒன்றுமில்லை. முட்டையும் தக்காளியும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சூட்டில் சேர்ந்தால் எந்த வடிவத்திலும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு முட்டைக்குப் பன்னிரண்டு கிராம் அளவுக்குப் புரதம் கிடைப்பதும் மூன்றிலும் ஒன்றே. செலவிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. என் கணக்கில் இவை மூன்றையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு கேள்வி: தக்காளியில் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

தக்காளியின் எடையில் ஏறக்குறைய 94 சதவீதம் தண்ணீர். நடுத்தரமான ஒரு தக்காளி நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட அரை டம்ளர் தண்ணீரை நறுக்கிப் போடுகிறோம். பாக்கெட் பிரெட்டின் இரண்டு துண்டுகள் சேர்ந்தே ஐம்பது, அறுபது கிராம்தான் இருக்கும். தன் எடையைவிட அதிகமான தண்ணீரோடு அந்தப் பிரெட் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. உப்பு பட்டவுடன் தக்காளி இன்னும் வேகமாக நீர் விடும். பிரெட் பொன்னிறமாகச் சிவக்க அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுப்பகுதி சொதசொதவென்றே இருக்கும். வீட்டில் செய்யும் முட்டை டோஸ்ட் கடையில் சாப்பிடுவதுபோல் வரவில்லை என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர் விவகாரம்தான்.

இனி முதல் வழி, முக்கியெடுப்பது. பாலும் சர்க்கரையும் சேர்த்த இனிப்பு வகைக்கு இது அருமையான முறை. அங்கே பிரெட் ஊறுவதுதான் நோக்கமே. காரத்துக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. நறுக்கிய தக்காளி கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். முதல் இரண்டு துண்டுகளுக்கு வெறும் முட்டை, கடைசித் துண்டுக்கு மொத்தத் தக்காளியும் என்று பங்கீடு அமையும். கரண்டியால் அள்ளி மேலே அப்பினால் திருப்பும்போது பாதி கல்லில் விழுந்து கருகும். தக்காளியை அரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. நிறம் அழகாக வரும். ஆனால் நீர்த்துப்போன முட்டை இறுகாமல், பிரெட்டுக்கு உள்ளே ஈரக் கூழாக நிற்கும். பழைய, காய்ந்த பிரெட்டைத் தீர்க்க வேண்டிய நாளில் மட்டும் இந்த முறைக்கு என் ஓட்டு, அப்போதும் தக்காளியைக் கலக்காமல் பக்கத்தில் சட்னியாக வைத்துக்கொண்டு.

இரண்டாவது வழிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். மாலையில் கடையில் நின்று சாப்பிடும் பிரெட் ஆம்லெட்டுக்கு இணை கிடையாது. ஒரே பாத்திரம், ஐந்து நிமிடம், முட்டையே பசையாகிப் பிரெட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரரின் கையைக் கவனித்துப் பாருங்கள். வெங்காயம் தாராளமாக விழும், பச்சை மிளகாய் விழும், மிளகுத்தூள் விழும். தக்காளி பேருக்குத்தான், பல கடைகளில் அதுவும் இல்லை. சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொழில் தெரிந்தவர்கள் ஆம்லெட்டில் ஈரத்தை ஏற்றமாட்டார்கள் என்பது பிறகு புரிந்தது. அவர்களிடம் இருக்கும் கனமான கல்லும் பெரிய தீயும் நம் வீட்டு அடுப்பில் இல்லை. ஆம்லெட்டை ஊற்றியவுடன் நம் கல் சூடு இறங்கிவிடும். அந்த நேரத்தில் தக்காளி நீர் விட்டுவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தக்காளியை நான்காகப் பிளந்து, விதையோடு கூழை வழித்தெடுத்துவிட்டு, சதையை மட்டும் பொடியாக நறுக்கிப் போடலாம். உப்பை முட்டையில் மட்டும் சேர்த்து, தக்காளியைக் கடைசி நேரத்தில் தூவலாம். டோஸ்ட் நன்றாகவே வரும். ஆனால் வழித்து எறிந்த அந்தக் கூழில்தான் தக்காளியின் ருசி அதிகம். நாக்குக்குச் சப்புக்கொட்டும் சுவையைத் தரும் குளுட்டமேட் சதையைவிட அதில் கூடுதலாக இருக்கிறது. தண்ணீரை விரட்டப் போய் ருசியையும் சேர்த்து விரட்டுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இன்னொரு தொல்லை, தோசை சுடும் வீடுகளுக்கு மட்டும் புரிவது. பழக்கிய இரும்புக் கல்லில் தக்காளி விழுந்து கொதித்தால் அதன் புளிப்பு, எண்ணெய் ஏறிப் படிந்திருக்கும் மேல்படலத்தை அரிக்கும். இன்றைக்கு ஆம்லெட்டோடு தக்காளி, நாளைக்கு அதே கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொண்டு வராது. நான்ஸ்டிக் கல்லில் இந்தப் பிரச்சினை இல்லை. நாங்கள் இரும்புக் கல்லைப் பேணுகிறவர்கள். தோசைக்கல்லில் தக்காளி படுவதற்கே வீட்டில் தடை. பிரெட் ஆம்லெட் தோற்றதற்கு இது பாதிக் காரணம் என்றுகூடச் சொல்வேன்.

மூன்றாவது வழியில் தண்ணீரை முதலிலேயே, வேறு பாத்திரத்தில், நிதானமாகத் தீர்த்துவிடுகிறோம். நான்கு தக்காளி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் தக்காளியைக் கூழோடு, விதையோடு, முழுவதுமாகப் போட்டு, உப்பும் துளி மஞ்சள்தூளும் சேர்த்து நடுத்தரத் தீயில் விட வேண்டும். இங்கே உப்பு நமக்கு வேலை செய்கிறது. நீரைச் சீக்கிரம் வெளியே இழுக்கும். கால் மணி நேரத்தில் பாதிக்கும் கீழே சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். எண்ணெய் பிரிந்து வரட்டும் என்று பாட்டிமார் சொல்வது தண்ணீர் வற்றியதற்கான அடையாளம்தான். தண்ணீர் நிறைய இருக்கும்வரை எண்ணெய் கொதிக்கும் குழம்போடு கலங்கிக்கிடக்கும். அது வற்றிய பிறகே தனியே தலைகாட்டும். அந்த நிலைக்கு முன்னால் அடுப்பை அணைத்தால் இது தொக்கு ஆகாது, டோஸ்ட்டும் தப்பாது.

இதை முந்தின இரவு இரவுச் சமையலோடு சமையலாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மூடிய பாத்திரத்தில் மூன்று நான்கு நாட்கள் தாங்கும். காலை வேலையில் நறுக்குவது என்பதே கிடையாது, வெங்காயத்தோடு கண்ணீரும் கிடையாது. பள்ளி வேன் வருவதற்கு முன் மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் உண்மையான எதிரி கத்தியும் பலகையும்தான், அடுப்பு அல்ல. அந்த வகையில் பார்த்தால், நீட்டி முழக்குவதாகத் தெரியும் மூன்றாவது வழிதான் காலையில் மூன்றிலும் விரைவானது.

பிரெட்டை எண்ணெய் இல்லாமல் கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டு, பிறகு மேல்பக்கத்தில் நெய்யோ வெண்ணெயோ தடவ வேண்டும். வரிசை முக்கியம். சுட்டபின் தடவும் நெய், மேலே வரும் ஈரத்துக்கும் பிரெட்டுக்கும் இடையில் ஒரு ரெயின்கோட் மாதிரி நின்றுவிடுகிறது. சுட்ட துண்டுகளைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது; தம் ஆவியிலேயே நமத்துவிடும். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினால் போதும்.

முட்டையைத் தொக்கிலேயே உடைத்து ஊற்றிக் கிளறுவது பலருடைய வழக்கம். நான் தனியாகக் கிளறுகிறேன். சீன வீடுகளில் அன்றாடம் செய்யும் தக்காளி முட்டைப் பொரியலில், முட்டையை முதலில் பொரித்து எடுத்து வைத்துவிட்டு, தக்காளி வதங்கிய பிறகு திரும்பச் சேர்க்கிறார்கள். முட்டை மிருதுவாக நிற்பதன் ரகசியம் அது. மெல்லிய தீயில், துளி வெண்ணெயில், முட்டையைப் பெரிய பெரிய மடிப்புகளாகத் திரட்டி, பளபளப்பு முழுவதும் போவதற்குள் இறக்கிவிட வேண்டும். மீதியை வாணலியின் சூடே பார்த்துக்கொள்ளும். அளவுக்கு மீறி வெந்த முட்டை இறுகித் தன் தண்ணீரைத் தானே பிழிந்துவிடும். தக்காளியின் தண்ணீரைப் பாடுபட்டு வற்றவைத்துவிட்டு முட்டையின் தண்ணீரில் டோஸ்ட்டை நனைப்பதில் அர்த்தமில்லை. பிறகு பிரெட்டின் மேல் ஒரு கரண்டி தொக்கு, அதன் மேல் முட்டை, மிளகுத்தூள், கிள்ளிப்போட்ட கொத்தமல்லி.

பளபளப்பு என்றேனே, அது பெரியவர்களுக்கு. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முட்டை முழுக்க வெந்தாக வேண்டும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் இதே கிருமிப் பயத்தால்தான். பொடிமாஸை ஒரு நிமிடம் கூடுதலாக வைத்தால் மிருதுத்தன்மை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தொக்கு அந்தக் குறையை மூடிவிடும்.

தொக்குக்குத் தக்காளி எது? நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் மணமும் அதிகம், சாறும் அதிகம். சுண்ட நேரம் எடுக்கும், ஆனால் ருசி அதில்தான். பெங்களூர் தக்காளி என்று விற்கும் கெட்டி ரகம் சதைப்பற்றானது, சீக்கிரம் சுண்டும், சற்றே சப்பென்று இருக்கும். இரண்டையும் பாதிப் பாதி கலப்பது என் வழி. பிரெட் ஆம்லெட்டுக்கு என்றால் யோசிக்காமல் பெங்களூர் ரகம்தான். விலை விஷயத்திலும் தொக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு அரசே விற்கும் நிலை வந்தது. விலை இறங்கும் வாரத்தில் கனிந்ததாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கிச் சுண்டவைத்து உறைநிலைப் பெட்டியில் போட்டுவைக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. கழுவ இரண்டு பாத்திரம். இரவில் யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். ஆறேழு பேர் இருக்கும் வீட்டில் ஒவ்வொரு தட்டாக அடுக்குவது நடக்காத காரியம். அங்கே பிரெட் ஆம்லெட்டே மேல். டிபன் பாக்ஸுக்கும் இது தோதுப்படாது. மூடி போட்டு ஒரு மணி நேரம் ஆனால் எந்த டோஸ்ட்டும் நமக்கும், ஆனால் ஆம்லெட் ஒட்டிய பிரெட் நமத்தாலும் பிரியாமல் கையில் நிற்கும். தொக்கு டோஸ்ட்டை எடுத்தால் முட்டை பள்ளிச் சீருடையில்தான் விழும்.

நான் பேசுவது சாதாரண வெள்ளை பாக்கெட் பிரெட்டையும் பேக்கரி பால் பிரெட்டையும் வைத்து. கோதுமை பிரெட்டில் ஓரிரு தடவைதான் செய்திருக்கிறேன். ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்குவதாகத் தோன்றியது, அடித்துச் சொல்லமாட்டேன். ஏர் ஃபிரையர் வீட்டில் இல்லை.

தொக்கு தீர்ந்துபோன காலையில் என்ன செய்வது என்று கேட்டால், தயங்காமல் பிரெட் ஆம்லெட்தான். நான்ஸ்டிக் கல், கெட்டித் தக்காளி பாதி, கூழை நீக்கிப் பொடியாக நறுக்கியது. வழித்த கூழை எறிய வேண்டாம். மதிய ரசத்துக்கு ஆகும்.