வளவு வீட்டுக்கு எந்த சென்சார்?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் முதல் கட்டை, அதாவது முன்பகுதியை, கணக்கு அலுவலகமாக மாற்றினார்கள். லைட் வேலை என்னுடையது. வளவு என்றால் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம்; அதைச் சுற்றியிருக்கும் பத்தியில் (தூண் வைத்த தாழ்வாரத்தில்) மேசைகள், உள் அறைகளில் ஃபைல்கள். பகல் பதினொரு மணிக்கு வளவில் கண் கூசுகிற வெயில் அடிக்கும்; பத்தியில் ஆறு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருக்கும். காலையில் வருகிறவர் போடுவார், சாயங்காலம் பூட்டுகிறவர் அணைப்பார். "தம்பி, இதுக்கு ஏதோ சென்சார் இருக்காமே, அதை வச்சுடு" என்றார் வீட்டு ஆச்சி.

கடைக்குப் போனால் அந்த "ஏதோ"வில் மூன்று வகை இருந்தது.

மலிவானது, வெளிச்சத்தைப் பார்த்து ஆன் ஆகி ஆஃப் ஆகும் போட்டோசெல். சில நூறு ரூபாய்தான். வாசல் விளக்கு, முகப்பு விளக்கு இவற்றுக்கு இதைவிடத் தோதானது இல்லை. ஒன்று மட்டும் கவனம்: தன் விளக்கின் வெளிச்சமே அதன் மேல் படக்கூடாது. தேவகோட்டையில் ஒரு வீட்டில் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள். விளக்கு எரிந்ததும் "விடிந்துவிட்டது" என்று அது அணைக்கும், அணைந்ததும் "இருட்டிவிட்டது" என்று போடும். ராத்திரி முழுக்கத் திண்ணையில் மின்னல்.

மேசைக்கு மேலே இதையே மாட்டினால் வேறு தொல்லை. மேகம் ஒன்று கடந்து போனாலும் டப்பென்று போடும், டப்பென்று அணைக்கும். போடுகிற அளவையும் அணைக்கிற அளவையும் தள்ளித் தள்ளி வைத்து, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடத் தாமதமும் கொடுத்தால்தான் மனிதர் உட்கார முடியும். இந்த வசதி இல்லாத சாதனத்தை வாங்காதீர்கள்.

இரண்டாவது டிம்மிங். வெளிச்சம் கூடக் கூட விளக்கு தானாக மங்கும். மாற்றம் கண்ணுக்கே தெரியாது. உட்கார்ந்து வேலை பார்க்கிற இடத்துக்கு இதுதான் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் பழைய டியூப்லைட் பட்டியில் மாட்டுகிற சாதாரண எல்இடி டியூப் பெரும்பாலும் மங்காது. விளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரையும் மாற்ற வேண்டும், கூடவே இரண்டு கண்ட்ரோல் ஒயர் இழுக்க வேண்டும். முட்டைப் பூச்சுச் சுவரை உளி வைத்து வெட்டலாமா என்று ஆச்சியிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

இதிலும் இரண்டு தினுசு. சில சென்சார்கள் வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும். சில, கூரையிலிருந்து கீழே மேசையைப் பார்த்து, பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து எவ்வளவு என்று அளக்கும். இரண்டாவதுதான் துல்லியம் என்று நினைத்து, வடக்குப் பத்தியில் ஒன்றை, மங்கும் விளக்கோடு, சோதனைக்கு மாட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் சுவரோர மேசைக்காரர், "அண்ணே, பதினொரு மணிக்கு இருட்டிட்டு வருது" என்று போன் பண்ணினார். போய்ப் பார்த்தால் வளவில் வெள்ளை வேட்டி விரித்துக் கூழ்வத்தல் காய்கிறது. சிவப்பு ஆத்தங்குடிக் கல் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி. பட்ட வெயில் அப்படியே மேலே எகிறி சென்சார் மேல் விழுகிறது. ஊரே வெளிச்சமாக இருப்பதாக நினைத்து அது விளக்கை மங்க வைத்துவிட்டது. வத்தலை நகர்த்தச் சொல்ல முடியுமா? சென்சாரைத்தான் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

அன்றைக்கு வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்த்தேன். தூணோரம் 900க்கு மேல், சுவரோர மேசையில் 150ஐ எட்டவில்லை. எழுத்து வேலைக்கு 300 லக்ஸாவது வேண்டும். பத்தடி அகலப் பத்திக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் எல்லா விளக்கையும் ஒரே சென்சாரில் கட்டுவது எப்படிச் சரியாகும்? திசையும் சேர்ந்துகொள்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் நம் பக்கம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல், வளவுத் தரையில் விழும். மார்கழியில் தெற்கே சாய்ந்து வடக்குப் பத்திக்குள் ஏறும்.

மூன்றாவது, ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் பிஐஆர். ஃபைல் அறைக்கும் கழிவறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மேசைக்கு வேண்டாம். கணக்கு எழுதுகிறவர் அசையாமல் இருந்தால் ஆளே இல்லை என்று அணைத்துவிடும், பிறகு கையை ஆட்டிக் கும்பிட வேண்டும். அது பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. நம்மூர் மே மாதப் பகலில் அந்த வித்தியாசம் சுருங்கிப்போவதால் அதற்குக் கண் மங்கும்.

சரி, காசுக் கணக்கு. ஆறு டியூப், தலா 20 வாட், ஒன்பது மணி நேரம், வருஷம் 300 நாள்: 324 யூனிட். பாதி மிச்சமானால் 162 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 1,620 ரூபாய். டிம்மிங் செட் போட்ட காசை எடுக்கப் பல வருஷம் ஆகும். சோக் வைத்த பழைய 40 வாட் டியூப் காலமாக இருந்தால் சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட் தின்னும், மிச்சமும் அதற்கேற்பக் கூடும். எல்இடி வந்தபின் சென்சார் மிச்சம் பிடிக்க மீதி இருப்பதே கொஞ்சம்தான்.

அதனால் கடைசியில் செய்தது இது. டியூப்களை வளவோர வரிசை, சுவரோர வரிசை என்று தனித்தனி சுவிட்சில் பிரித்தேன். முன்பு ஆறும் ஒரே சுவிட்ச். வளவோர வரிசைக்கு வானம் பார்த்த ஒரு சென்சார். அதற்கு அணைக்க மட்டும்தான் அதிகாரம், போட அல்ல. வேண்டுமென்றால் ஆள்தான் கையால் போட வேண்டும். தானாகப் போடுகிற சென்சார், யாருக்கும் தேவைப்படாத நேரத்திலும் கடமையாக எரிய வைக்கும். மனிதனுக்குப் போட ஞாபகம் இருக்கும், அணைக்கத்தான் மறக்கும். மறக்கிற வேலையை மட்டும் சாதனத்திடம் கொடுத்தேன். சுவரோர வரிசை எப்போதும்போல் கையில்.

பெரிய கல்லூரியோ ஆஸ்பத்திரியோ கட்டுகிறவர்களுக்கு என் பதில் வேறு. நூற்றுக்கணக்கில் விளக்கு இருக்கிற இடத்தில், சுவர் எழும்பும்போதே ஒயர் போட்டுவிட்டால் டாலி (DALI) என்கிற டிஜிட்டல் விளக்குக் கட்டுப்பாட்டு முறை மாதிரியான டிம்மிங் கட்டுப்படியாகும்; ஒரு லைனில் 64 சாதனங்களுக்குத் தனித்தனி முகவரி கொடுக்கலாம்.

ஆச்சி வீட்டில் சோதனைக்கு வாங்கிய அந்த டிம்மிங் சென்சார் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. வத்தல் சீசன் முடிந்ததும் தெற்குப் பத்தியில் ஒருமுறை மாட்டிப் பார்க்க ஆசை.