குடைந்த வள்ளமா, பலகைத் தோணியா?

இலங்கை மலையகத்தின் காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் விட மரத்தோணி செய்பவர் முதலில் கரையைப் பார்க்க வேண்டும். வறட்சியில் நீர் வெகுதூரம் இறங்கும். தோணி வெயிலில் காயும்.

பலகைத் தோணிக்கு அங்கேதான் சோதனை. பலகை சுருங்கி, பொருத்து விரிந்து, இடையில் அடைத்த பஞ்சு தளரும். மழை வந்ததும் அப்படியே இறக்கினால் நீர் புகும். ஈரச்சாக்கு போட்டு ஊறவிட்ட பிறகே இறக்கலாம். உடைந்த பலகையை மட்டும் மாற்ற முடிவது பெரிய வசதி.

ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் வள்ளத்தில் பொருத்தே இல்லை, வெடிப்புதான் எதிரி. மரத்தின் முனைகள் நடுப்பகுதியைவிட வேகமாகக் காய்வதால் அங்கிருந்துதான் பிளக்கும். வெட்டிய அன்றே முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, பச்சையாகவே குடைய வேண்டும். முதலில் வெளிப்புறத்தைச் செதுக்குங்கள். பிறகு வெளியிலிருந்து, பக்கங்களில் 2, அடியில் 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு, வேறு நிற மரமுளை அடியுங்கள். உள்ளே வாச்சியால் (மரம் செதுக்கும் கருவியால்) குடையும்போது முளை தெரிந்ததும் நிறுத்த வேண்டும். கண்மதிப்பை மட்டும் நம்பினால் அடி ஓட்டையாகும்.

லயத்துப் (தோட்டக் குடியிருப்பு வரிசையின்) பின்புறம் தாத்தா நட்ட மரமென்றால், எங்கள் தீர்ப்பு குடைவதுதான். பலகையாக அறுத்தால் அந்த மரத்தின் உருவமே போய்விடும். பலா என்றால் இலங்கையின் 1951ஆம் ஆண்டு மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெட்ட அனுமதி வேண்டும்.