திருப்பினால் போதும் என்றார்கள்: மசில் பிரேக் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வேட்டைப் பருவத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் .300 வின்செஸ்டர் மேக்னம் (மருந்து நிறைய பிடிக்கும் பெரிய தோட்டா) ரைஃபிளுக்கு மசில் பிரேக் ஒன்று மாட்டினேன். குழல்வாயில் மாட்டி, சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னால் இடிக்கும் உதையைக் குறைக்கும் துளையுள்ள சாமான் அது. வெளி உறையைத் திருப்பினால் துளைகள் திறக்கும், மறுபடி திருப்பினால் மூடிக்கொள்ளும், அந்த வகை. விற்றவரே குழலில் மரை வெட்டி மாட்டியும் கொடுத்தார்.

“பயிற்சியில் திறந்து வையுங்கள் சார், வேட்டைக்குப் போகும்போது மூடிக்கொள்ளுங்கள். திருப்பினால் போதும். குண்டு விழும் இடம் மயிரிழைகூட மாறாது” என்றார். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில்.

பயிற்சியில் குறையே சொல்ல முடியாது. இருபது சுட்டதும் தோள் கன்றிப்போகும் துப்பாக்கி, நாற்பது சுட்டும் சாதுவாக இருந்தது. குண்டு குறி அட்டையில் படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிந்தது. மேக்னம் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். உதையில் ஒரு பங்கு குண்டால் வருவது, மறு பங்கு அதன் பின்னால் பீறிடும் வாயுவால் வருவது. குண்டின் பங்கைப் பிரேக்கால் ஒன்றும் செய்ய முடியாது. வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி அந்தப் பங்கைத்தான் குறைக்கிறது. அதனால்தான் வெடிமருந்து நிறைய எரியும் தோட்டாக்களில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, சின்னத் தோட்டாக்களில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

வேட்டையன்று நண்பர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், காதில் ஒன்றும் போடவில்லை. துளை திறந்திருந்தால் வெடிச்சத்தம் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் வரும். சரி, அவர் காதைக் கெடுப்பானேன் என்று உறையை மூடினேன். 200 மீட்டரில் மான், அசையாமல் நின்றது, துப்பாக்கியும் நல்ல தாங்கலில் இருந்தது. சுட்டேன். துள்ளி ஓடிவிட்டது. நின்ற இடத்தில் நெஞ்சடி முடி ஒரு கொத்து கிடந்தது, ரத்தம் இல்லை. இருட்டும்வரை தேடினோம்.

மறுநாள் அட்டை கட்டிப் பார்த்தேன். 100 மீட்டரில், உறை திறந்திருந்தால் மூன்று குண்டும் நடுவில். மூடினால் மூன்றும் ஏழு சென்டிமீட்டர் கீழே, கொஞ்சம் இடதுபுறம். மறுபடி திறந்தேன், நடுவுக்கே வந்தது. 200 மீட்டரில் அது இரட்டிப்பாகும். சுடும் கணத்தில் குழல் சாட்டை மாதிரி அதிர்கிறது. குழல்வாயில் வாயு போகும் வழியை மாற்றினால் குண்டு கிளம்பும் நிலையும் மாறலாம். சில துப்பாக்கிகளில் பெரிதாக மாறாது, சிலவற்றில் நன்றாகவே மாறும். சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாததை விற்றவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

‘அட்ஜஸ்டபிள்’ என்ற ஒரு சொல்லில் இரண்டு வேறு சாமான்களைப் போட்டுக் குழப்புவதும் நடக்கிறது. 1990களில் பிரௌனிங் ‘பாஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏ-போல்ட், வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள்களில் வந்தது. குழல்வாயில் இருக்கும் எடையை மரையில் முன்னும் பின்னும் நகர்த்தி, குழலின் அதிர்வைத் தோட்டாவுக்கு ஏற்றபடி சரிசெய்வதுதான் அதன் வேலை. அளவுக்கோடுகள் போட்டிருக்கும். உதையையும் குறைக்கும் துளை உள்ளது, உதையைக் குறைக்காத, துளையே இல்லாதது என்று இரண்டு வகை உண்டு. ஒரே தோட்டாவோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு அது நல்ல சாமான் என்பது என் கருத்து. குண்டின் எடையை மாற்றினால் சரியான இடத்தை மறுபடி தேட வேண்டும், பூட்டு நட்டு தளர்ந்தால் எல்லாம் போச்சு. என்னிடம் விற்றவர் “இதிலும் தோட்டாவுக்குத் தகுந்தபடி ட்யூன் செய்யலாம்” என்றாரே, என் சாமானில் நகரும் எடையும் இல்லை, அளவுக்கோடும் இல்லை. இருப்பது திறப்பும் மூடலும் மட்டும்தான்.

சத்தத்தைப் பற்றி விற்றவர் மூச்சே விடவில்லை. திடீர் ஒலிக்கு 140 டெசிபல்தான் காது தாங்கும் எல்லை என்பார்கள். வேட்டை ரைஃபிள் ஏற்கெனவே அதைத் தாண்டித்தான் வெடிக்கும். பிரேக் அந்த வெடிப்பைச் சுடுகிறவர் பக்கமும் பக்கத்தில் இருப்பவர் பக்கமும் திருப்பிவிடுகிறது. திறந்து சுடும்போது காதுக்குள் அடைப்பான், மேலே காதை மூடும் மஃப், இரண்டும் வேண்டும். சுற்றிலும் துளை உள்ள வகை என்றால், படுத்துச் சுடும்போது முகத்தில் புழுதி வேறு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சுத்தம் செய்ய உட்கார்ந்தபோது (கரி ஏறி உறை இறுகிப்போய் எண்ணெய் விட்டுத்தான் கழற்ற முடிந்தது, அது தனிக்கதை) டார்ச் அடித்து பிரேக்கின் வாயைப் பார்த்தேன். குண்டு வெளியேறும் துளையின் விளிம்பில், ஒரு பக்கம் மட்டும், நகக்கீறல் அளவில் பிறை மாதிரி ஒரு செம்புக் கோடு பளபளத்தது. குண்டு உரசிக்கொண்டு போயிருக்கிறது. வயிற்றைக் கலக்கியது.

வேறொரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். குழலுக்குள் இறுக்கமாகப் போகும் நேரான கம்பி ஒன்றை விட்டுக் காட்டினார். கம்பி துளையின் நடுவில் வரவில்லை, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. வெளித்துளை குண்டைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் அகலமாக இருக்கும்; சுற்றிலும் கால் மில்லிமீட்டர் இடைவெளி. குழலின் உள்துளை வெளிப்புறத்துக்குச் சரியாக நடுவில்தான் ஓடும் என்று சொல்ல முடியாது. அதனால் லேத்தில் உள்துளையை மையமாக வைத்துத்தான் மரை வெட்ட வேண்டும். என் குழலை வெளிப்புறத்தைப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. இன்னும் கொஞ்சம் கோணியிருந்தால் பிரேக்கே பிய்ந்து பறந்திருக்கும் என்றார்.

விற்றவரிடம் கம்பியோடு போய்க் காட்டினேன். “நீங்கள் கழற்றி மாட்டியதில் கோணியிருக்கும்” என்றார். மரையும், பிரேக் முட்டி உட்காரும் குழலின் படியும் சரியாக இருந்தால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில்தான் உட்காரும் என்றேன். ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். பொருத்திய பின் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது.

மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வாங்கும் இடத்திலேயே கம்பி விட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அப்புறம், திறந்து ஒரு அட்டை, மூடி ஒரு அட்டை சுட்டுப் பார்க்காமல் வேட்டைக்குப் போகாதீர்கள்.

என் குழலில் மரை இருந்த பகுதியை வெட்டி, வாய் விளிம்பைப் புதிதாகக் கடைந்து கொடுத்தார் இரண்டாமவர். குழல் இரண்டு விரல்கடை குட்டையாகிவிட்டது. தோள் பழையபடி கன்றுகிறது.